மூன்று மஞ்சள் கோடுகள்

ஐயா,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை காலை தங்கள் அறையில் நடந்த லாரி விபத்து விசாரணைக்கு யார் யார் வந்திருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். கடிதம் என்றால் முதலில் இடம், அடுத்து ஆள், அதற்கப்புறம்தான் சங்கதி என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியவன் நான். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

தாங்கள் மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே. ஜன்னலோரம் தட்டச்சு செய்யும் அம்மாள். தங்கள் வலப்பக்கம் லாரி உரிமையாளர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அவருடைய கைப்பை உட்கார்ந்திருந்தது. எதிர் வரிசையில் முதல் ஆள் தையல்காரர். அவருடைய சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இறந்துபோனது அவருடைய மனைவி. இரண்டு நாற்காலி தள்ளி, லாரி ஓட்டியவர், அதாவது என் தங்கை புருஷன். அவருக்குப் பின்னால் என் தங்கை, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு. கதவோரத்தில் நான்.

பேருந்துப் பணிமனையில் சக்கரப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் என்பதால் என்னை விவரம் தெரிந்த சாட்சியாக அழைத்திருந்தீர்கள். ஓட்டுநருக்கு உறவா என்று கேட்டீர்கள். "உறவுதான். உறவுக்காக நட்டின் ஒரு மரையைக்கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லமாட்டேன்" என்றேன். தாங்கள்கூட லேசாகச் சிரித்தீர்கள்.

மஞ்சள் கோடுகளைப் பற்றிய பேச்சு வந்தது. அது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். சக்கரத்தின் எட்டு நட்டையும் முறுக்கி முடித்ததும், ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் சக்கரத் தட்டு வரைக்கும் மஞ்சள் பெயின்டால் ஒரே இழுப்பாக ஒரு கோடு போடுவோம். நட்டு இம்மியளவு தளர்ந்தாலும் கோடு ஒடிந்து இரண்டாகத் தெரியும். ஓட்டுநர் ஸ்பேனரை எடுக்கவே வேண்டாம். காலையில் வண்டியை ஒரு சுற்று வந்து, கோடெல்லாம் நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இதை என் தங்கை புருஷனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"கோடு நேராத்தான் சார் இருந்துச்சு. எட்டும் நேரா இருந்துச்சு. என் பொண்ணு மேல சத்தியமா" என்றார் அவர்.

"நட்டு கழண்டு சக்கரம் ஓடியிருக்கு. கோடு மட்டும் அசையாம நின்னுச்சாக்கும்" என்றார் உரிமையாளர்.

தையல்காரர் அன்றைக்குப் பேசியது ஒரே ஒரு தடவை. "நீ பாத்தியா, பாக்கலையா? பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லிடுய்யா. அதையாவது தெரிஞ்சிக்கிட்டுப் போறேன்."

"பாத்தேன்ணே. நேரா இருந்துச்சுண்ணே."

தாங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். தானாகத் தளர்ந்த நட்டில் கோடு நேராக நிற்காது என்று சொன்னேன். அவர் நாற்காலியோடு திரும்பி, "மச்சான், நீங்களே இப்படிச் சொல்றீங்களே" என்றார். அவருடைய மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. புறங்கையால் துடைத்து, அதைக் கால்சட்டையில் தேய்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தட்டச்சு அம்மாள் 'தானாக' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அறிக்கையின் நகல் கைக்கு வந்தது. அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ஒன்று, முதலில் தளர்ந்தவை இரண்டு நட்டுகள் என்று போட்டிருக்கிறது. இரண்டல்ல, மூன்று. காற்றடிக்கும் வால்விலிருந்து எண்ணினால் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. இரண்டாவது பிழை, ஓட்டுநர் சக்கரங்களைச் சோதிக்காமலே வண்டியை எடுத்திருக்கிறார், சோதித்ததாகப் பொய்யும் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறது. இந்த அறிக்கை வியாழக்கிழமை நீதிமன்றத்துக்குப் போகிறது என்றும், அவர் சிறைக்குப் போவது நிச்சயம் என்றும் கேள்விப்பட்டேன். பிழையோடு ஒரு காகிதம் வெளியே போவது எனக்கு ஒப்பாது. அதனால் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். இருபது வயதில் எனக்கு லாரிகளின் சின்ன மாதிரிகளைச் செய்கிற கிறுக்கு இருந்தது. நிஜ லாரியின் இருபத்து நான்கில் ஒரு பங்கு. கல்யாணம், குழந்தை, பணிமனை என்று ஆனதும் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். ஓய்வு பெற்ற மறுமாதம் இறக்கினேன். பசை கல்லாகியிருந்தது. தூரிகை மயிரை அந்துப்பூச்சி தின்றிருந்தது. ஆனால் கை எதையும் மறந்திருக்கவில்லை. கண் மட்டும்தான் மக்கர் செய்தது. அதற்கு நெற்றியில் மாட்டுகிற பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என் மனைவி, "பல்லு புடுங்குற டாக்டர் மாதிரி இருக்கீங்க. வாசல்ல கூட்டம் சேரப்போகுது" என்றாள். பின்னறையை எனக்கென்று ஒழித்துக் கொடுத்ததும் அவள்தான்.

இளவயதில் நான் செய்ததெல்லாம் புது லாரி. பளபளவென்று இருக்கும். இந்த வயதில்தான் ஓடின லாரியைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. பளபளப்பை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்துவிடலாம். அழுக்கை அழுக்காகச் செய்யத்தான் சுத்தமான கை வேண்டும்.

அழுக்குக்கு நான் வெளியே எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் தங்கை புருஷன் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் லாரியை நிறுத்திவிட்டு, சாப்பிட்டு, முன்னறையில் இரண்டு மணி நேரம் தூங்குவார். அந்த இரண்டு மணி நேரமும் லாரி என்னுடையது. அளவு எடுப்பேன், படம் எடுப்பேன்.

அந்த கேபினுக்குள் தாங்கள் ஏறிப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஸ்டியரிங்கில் ஒரு துண்டு தொங்கும். முகம் துடைக்க அதுதான், மூக்கு சிந்த அதுதான், கண்ணாடி துடைக்கவும் அதுதான். மீட்டருக்கு மேலே வெட்டிப் போட்ட நகங்கள் பிறை பிறையாகக் கிடக்கும். சீப்பில் எண்ணெயில் ஊறிய முடி உருண்டை. இருக்கைக்கு அடியில் எப்போதோ குடித்த தேநீர்க் கோப்பைகள். அடியில் பூசணம் பிடித்துப் பச்சை வெல்வெட்டு விரித்தாற்போல் இருக்கும். முதல் தடவை எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இறங்கி, மனை ஓரத்தில் நின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் ஏறிப் படம் எடுத்தேன். எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். நகத்துண்டுகளுக்கு வேறு பொருள் ஒத்துவரவில்லை. என் நகத்தையே பிளேடால் இழை இழையாகச் சீவி ஒட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தாங்களே முகம் சுளிப்பீர்கள். அவ்வளவு கச்சிதம்.

விபத்துக்கு முந்தின மூன்று ஞாயிறுகளில் முதல் ஞாயிறு நடந்தது இது. மாதிரியின் கதவு ஐந்தாவது பூச்சு வார்னிஷோடு கிண்ணத்துக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் பொரித்த மீனும் சோறும் சாப்பிட்ட கையோடு பின்னறைக்கு வந்தார். "என்ன மச்சான், ஹாரன் அடிக்குமா இது?" என்று கேட்டுக்கொண்டே கிண்ணத்தைத் தூக்கிக் கதவை எடுத்தார். கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. ரேகைக்குள் எண்ணெய். எண்ணெய்க்குள் ஒரு மீன் செதில், மினுமினுவென்று.

"ஒண்ணும் ஆகலை மச்சான், தொடச்சாப் போயிடும்" என்று தோளில் கிடந்த அந்தத் துண்டாலேயே துடைத்தார்.

"பரவாயில்லை மாப்பிள்ளை" என்றேன்.

கோபத்தில் நான் எதுவும் செய்யவில்லை என்பதைத் தாங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கோபம் வராது. அருவருப்புதான் வரும். அருவருப்பு கோபம் மாதிரி இல்லை, ஆற அமரத்தான் வேலை செய்யும்.

இப்போது சக்கரத்துக்கு வருகிறேன். பின்பக்க இடது இரட்டைச் சக்கரத்தில் வெளிச்சக்கரம். தளர்ந்த நட்டைச் சக்கரப் பிரிவுக்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்றால், துருவை வைத்துத்தான். நட்டு சக்கரத் தட்டோடு உரசி உரசிச் செம்பொடி விடும். அது பனியிலும் மழையிலும் கரைந்து, நட்டுக்குக் கீழே மெல்லிய நாக்கு மாதிரி வழியும். நட்டருகே கருஞ்சிவப்பு, நுனியில் பழுத்த மஞ்சள். பணிமனையில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தவுடன் வண்டியை நிறுத்தி வைத்துவிடுவோம். அது அழகாக இருக்கிறது என்று அந்த முப்பத்தொரு வருஷமும் எனக்குத் தோன்றியதில்லை. மாதிரி செய்ய உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

அந்த லாரியின் சக்கரத்தில் அப்படிப்பட்ட துருநாக்கு மூன்று இருந்ததை நான் பார்த்தேன். அது என்ன என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது, உடம்பெல்லாம் சேறு அப்பிய வண்டியில் மூன்று துருக்கோடு எந்த மூலைக்கு. நான் சொல்லவில்லை. சொன்னால் முறுக்கிவிடுவார், அந்தத் துண்டால் துடைத்தும்விடுவார். நான் இன்னும் நிறம் கலந்து முடிக்கவில்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்தைச் சுருக்கமாகவே முடித்திருக்கலாம். ஆனால் 'பார்த்தேன், சொல்லவில்லை' என்று மட்டும் எழுதினால் அதுவும் பிழையுள்ள காகிதமாகிவிடும்.

முதல் ஞாயிறு அந்தச் சக்கரத்தில் துரு இல்லை. எட்டு நட்டும் நன்றாக இறுகியிருந்தன. அழுக்கு மனிதர்தான், ஆனால் சக்கரத்தை மட்டும் நான் சொல்லிக்கொடுத்தபடி வைத்திருந்தார். என் மாதிரிக்கு அது சப்பென்று இருந்தது. துருநாக்கை நினைவிலிருந்து தீட்டிப் பார்த்தேன், மூன்று தடவை. மூன்றும் பொய்யாக இருந்தன. கண்ணால் பார்க்காமல் தீட்டுவது என்னால் முடியாது.

இரண்டாம் ஞாயிறு அவருடைய ஸ்பேனரையே எடுத்து, நெம்புவதற்காக அதன் பிடியில் ஒரு குழாயை மாட்டி, உடம்பு எடையைக் கொடுத்து மூன்று நட்டுகளைத் தளர்த்தினேன். அதிகமில்லை, ஆளுக்கு அரைச் சுற்று. க்ரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. "என்னங்க அது?" என்று மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள். "அளவு எடுக்கிறேன்" என்றேன். முன்னறையில் குறட்டை நிற்கவில்லை.

அரைச் சுற்றுத் திருகியதில் மூன்று கோடுகளும் ஒடிந்து தலைகீழாகப் போய்விட்டன. ஐந்து கோடு நேராக, மூன்று கோடு கோணலாக. அது என் கண்ணை உறுத்தியது. பெயின்ட் கரைக்கும் தின்னர் தொட்டு மூன்றையும் துடைத்தேன். ஈரம் போகக் காத்திருந்தேன். என் மிகச் சிறிய தூரிகையால், மாதிரிக்கு வைத்திருந்த மஞ்சளில், மூன்று புதுக் கோடுகள் போட்டேன். ஒரே இழுப்பு. மேலே கொஞ்சம் புழுதியை ஊதிவிட்டேன். புதுக் கோடு பளிச்சென்று தனியாகத் தெரியக் கூடாது அல்லவா. யாரையும் ஏமாற்றுவதற்காக அதைச் செய்யவில்லை. கோணலை அப்படியே விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை.

மூன்றாம் ஞாயிறு துரு வந்திருந்தது. இரண்டு விரல் நீளம். நான் நினைவிலிருந்து தீட்டியது எவ்வளவு தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. நுனி ஒன்றாக முடியவில்லை, முடிபோலப் பிரிந்திருந்தது. நாற்பது படம் எடுத்தேன். அன்றைக்கு அவர் தூங்கி எழுந்து கிளம்பும்போது என்னையும் கூட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். பின்சக்கரத்தருகே நின்று காலால் தட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா மச்சான், எட்டும் நேரா இருக்கு. உங்க ட்ரெயினிங்தான். தினம் காலைல பாக்காம வண்டிய எடுக்க மாட்டேன். உங்க தங்கச்சிகிட்ட வேணும்னா கேளுங்க."

"நேராத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்றேன்.

உண்மையில் என்னுடைய மூன்று கோடுகள் மற்ற ஐந்தைவிட நேராக இருந்தன. அதை அவர் கவனிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான்காம் ஞாயிறு மூன்று நட்டுகளையும் முறுக்கிவிடுவதாகத்தான் இருந்தேன். என் குறிப்பேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். புதன்கிழமை முந்திக்கொண்டது. மூன்று நட்டு விட்டுக்கொடுத்தால் மிச்சம் ஐந்தும் எட்டின் சுமையைச் சுமக்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டியில் அவை ஒவ்வொன்றாகப் போகும். எனக்குத் தெரியாததில்லை. ஆனால் பாரத்தின் அளவு என் கையில் இல்லை. சக்கரம் கழன்று, சாலையைத் தாண்டி, சரிவில் தானாக உருண்டு, பேருந்து நிறுத்தத்தில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்த தையல்காரர் மனைவி மேல் போய் நின்றது. அந்த அம்மாளை எனக்கு முன்பின் தெரியாது.

லாரியைக் காவல் நிலையத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். உறவுக்காரன் என்று சொன்னதும் உள்ளே விட்டார்கள். சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். காய்ந்த ரத்தமும் துருவும் ஒரே நிறம் என்று பொதுவாக நினைப்பார்கள். அப்படியல்ல. ரத்தம் காய்ந்தால் கொஞ்சம் ஊதா ஓடும், ஓரத்தில் செதிலாக உரியும். ஈக்கள் இருந்தன. ரப்பர் பிளவுகளில் ஏதோ சிக்கியிருந்தது. நீளமான முடியும் இருந்தது. வாடை சகிக்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தேன். இவ்வளவு நாளாகியும் இதைக் கழுவ வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று அருவருப்பாக இருந்தது. ஆனால் எனக்கு நல்லதாய்ப் போயிற்று.

மாதிரி முடிந்துவிட்டது. முடி மட்டும் என் மனைவியின் சீப்பிலிருந்து எடுத்தது.

அந்தச் சீப்பைத் தேடிக்கொண்டுதான் அவள் பின்னறைக்கு வந்தாள். சனிக்கிழமை காலை. சீப்பு மேசைமேல், மாதிரிக்குப் பக்கத்தில் கிடந்தது. குறிப்பேடும் திறந்து கிடந்தது. நின்றவாறே படித்தாள். அவளுக்கு மெதுவாகத்தான் படிக்க வரும், வாய் அசையும்.

"'துரு இரண்டு விரல் நீளம், இன்னும் ஒரு வாரம் விடலாம்'னு எழுதியிருக்கீங்களே. எதை விடலாம்?"

சொன்னேன். என்னிடம் எது கேட்டாலும் நான் மறைத்ததில்லை. கேட்டு முடித்ததும் அவள் சீப்பை எடுக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி.

"உங்க தங்கச்சி நேத்து வந்து உங்க கால்ல விழாத குறையா அழுதுட்டுப் போனா. காபி ஆறிடும் குடின்னீங்க."

"ஆறித்தான் போச்சு" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?" என்றாள். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு என் தங்கை வீட்டுக்குப் போனவள்தான், இன்னும் திரும்பவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன் என்று பக்கத்து வீட்டம்மாளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இன்றைக்குத் திங்கட்கிழமை. அவளுக்காக நான் எழுதவில்லை என்பதைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவள் எழுதினால் தேதியெல்லாம் முன்னே பின்னே போட்டுவிடுவாள். நட்டின் வரிசை எண்ணெல்லாம் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

ஆகவே, அறிக்கையில் இப்படித் திருத்திக்கொள்ளவும். தளர்ந்தவை மூன்று, அவற்றைத் தளர்த்தியவன் நான். ஓட்டுநர் சோதித்தார், கோடுகள் நேராக இருந்தன, அவற்றைப் போட்டவனும் நான். நேரில் பார்க்க வேண்டுமானால், சக்கரத் தட்டில் எட்டு நட்டின் இடத்திலும் மிச்சமிருக்கும் மஞ்சளை நகத்தால் சுரண்டச் சொல்லுங்கள். ஐந்தில் வருவது பணிமனைகளில் அடிக்கிற மஞ்சள், தடிமனாக, தோல் மாதிரி உரியும். மூன்றில் வருவது என் மஞ்சள். பொடியாக வரும். பளபளப்பு இருக்காது. என்னுடையதைத் தனியாகத் தெரிந்துகொள்வது கஷ்டமே இல்லை.

மாதிரியையும் சாட்சியாக அனுப்பலாமா என்று யோசித்தேன். தபாலில் தூக்கிப் போடுவார்கள். தங்கள் அலுவலகத்திலும் எல்லோரும் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். சாப்பிட்ட கையா, கழுவின கையா என்று யார் பார்க்கப்போகிறார்கள். அதனால் அனுப்பவில்லை. என்னைக் கூப்பிட வரும்போது வந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், வெளியே நின்று பார்த்தால் நல்லது.

தாளை மூன்றாக மடித்துவிட்டேன். உறைக்கு வெளியே தங்கள் பதவியும் அறை எண்ணும் எழுதியாயிற்று. பசையைத் தூரிகையால்தான் தடவுவேன். நாக்கால் நக்கி ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. நாலு மணிக்குத் தபால் பெட்டியைத் திறக்க வருவார்கள். அதற்குள் தெருமுனை வரை நடந்து போட்டுவிடுவேன்.

ஒட்டுவதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கு முடிந்ததும் லாரியைக் கழுவி உரிமையாளரிடம் கொடுத்துவிடுவார்கள் என்று கேள்வி. அந்தச் சக்கரத்துக்கு மேலே உள்ள மட்கார்டின் உட்பக்கத்தை அன்றைக்கு வெளிச்சம் போதாமல் நான் சரியாகப் பார்க்கவில்லை. என் மாதிரியில் அந்த ஒரு இடம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. அதை நான் பார்த்து முடிக்கும்வரை தயவுசெய்து யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.